மந்தை இல்லாத மந்தைவெளி

சென்னைப் பட்டணத்தில் மந்தைவெளி என்று ஒரு பேட்டை இருக்கிறது. அங்கே பஸ் நிலையம் உண்டு, தபாலாபீஸ் உண்டு, மாடிமேல் மாடியாக வீடுகள் உண்டு. இல்லாதவை இரண்டே இரண்டுதான். ஒன்று மந்தை, மற்றொன்று வெளி. ஒரு காலத்தில் ஊர்க் கால்நடைகள் கூடி மேய்ந்த திடல் அது என்பதற்கு அந்தப் பெயர் ஒன்றுதான் இப்போது சாட்சி.

பெயரைப் பத்திரமாக வைத்துக்கொண்டு பொருளை விற்றுவிடுகிற வித்தையில் நமக்கு நிகர் நாம்தான். புற்களை அழித்து வீடு கட்டி, அந்த வீட்டுக்குக் 'கோகுலம்' என்று பெயர் வைப்போம். மாடுகளை விரட்டிவிட்டு எழுப்பிய அடுக்குமாடிக்குப் 'பிருந்தாவனம்' என்று பளிங்கில் பொறிப்போம். கிருஷ்ண ஜயந்தி அன்று வாசலிலிருந்து பூஜை அறை வரை மாவில் சின்னஞ்சிறு பாதம் போடுவோம். அந்தப் பிள்ளை மாடு மேய்க்கிற பிள்ளையாயிற்றே, இங்கே வந்தால் எந்தத் தரையில் மேய்ப்பான் என்று மட்டும் யோசிக்கமாட்டோம்.

இது வெறும் கேலி அல்ல. நம் நாட்டில் மாட்டைப் பற்றிப் பேசாதவர் இல்லை. சட்டசபையில் பேசுகிறார்கள், சுப்ரீம் கோர்ட்டில் பேசுகிறார்கள், மாட்டின் பெயரால் தேர்தலும் நடத்துகிறார்கள். மாடு மேயும் தரையைப் பற்றிப் பேசுகிறவர் எத்தனை பேர்? இந்தக் கட்டுரை அந்தத் தரையைப் பற்றியது.

கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடு என்று ஒரு புத்தகம் இருக்கும். ஊரிலுள்ள ஒவ்வொரு அங்குல நிலத்துக்கும் அதில் ஜாதகம் உண்டு. நஞ்சை, புஞ்சை, நத்தம், ஏரி, வாய்க்கால், மயானம், களம் என்று சர்வே எண்ணுக்கு எதிரே எழுதியிருக்கும். அந்த வரிசையிலே 'மேய்க்கால் புறம்போக்கு' என்று ஓர் இனமும் உண்டு. ஊர்க் கால்நடைகள் மேய்வதற்காக, யாருக்கும் பட்டா கொடுக்காமல், தீர்வை விதிக்காமல் ஒதுக்கி வைத்த நிலம் என்று அர்த்தம். 'புறம்போக்கு' என்றால் தீர்வைக் கணக்குக்குப் புறம்பானது, அவ்வளவுதான். வரி வராத நிலம் வாழத் தகாத நிலம் என்று நாம் எப்போது முடிவு கட்டினோமோ, அப்போதே அந்தச் சொல்லும் நம் வாயில் வசவாகிவிட்டது.

வரி வாங்காமல் மேய்ச்சலுக்கு நிலம் விடுவது வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்த பாடம் அல்ல. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஊர்களை எழுதிவைத்த ராஜராஜன், எந்தெந்த நிலத்துக்கு வரி இல்லை என்பதைக் கல்லிலே வெட்டுகிறபோது குளத்தையும் சுடுகாட்டையும் சொல்லிக் 'கன்று மேய்பாழ்' என்பதையும் சேர்த்துச் சொல்கிறான். கன்று மேய்வதற்காகப் பாழாக விட்டிருக்கும் நிலம்! கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகளை நிவந்தமாகக் கொடுத்த காலம் அது. 'சாவா மூவாப் பேராடுகள்' என்று அவற்றுக்குப் பெயர். கிழடானதைக் கழித்துக் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. சாவாத ஆடு வேண்டுமானால் சாவாத புல் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆயிரம் ஆண்டு கழித்து, ஆட்டை வைத்துக்கொண்டு புல்லை மறந்தவர்கள் நாம்.

2017-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2014 மே மாதம் 7-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. அந்தத் தடையை எதிர்த்து மெரீனாக் கடற்கரையிலே லட்சக்கணக்கான இளைஞர்கள் திரண்டார்கள். இரவும் பகலும் அங்கேயே கிடந்தார்கள். தலைவன் என்று ஒருவன் இல்லாமல் அவ்வளவு பெரிய கூட்டம் அவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டதைப் பார்த்து நாடே வியந்தது. நானும் வியந்தேன். மிருகவதைத் தடைச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டுச் சட்டசபை அவசர அவசரமாகத் திருத்தம் கொண்டுவந்தது. 2023 மே மாதம் 18-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன பெஞ்சு அந்தத் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

அந்தத் திருத்தச் சட்டம் தனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள் இரண்டு. ஒன்று பண்பாடு, மற்றொன்று நாட்டு மாட்டினம் அழியாமல் காப்பது. முதல் காரணத்தைப் பற்றி எனக்கு வழக்கு இல்லை. இரண்டாவது காரணத்தைத்தான் நான் குறுக்கு விசாரணை செய்ய விரும்புகிறேன்.

நாட்டு மாட்டினத்தைக் காப்பது என்றால் என்ன? வாடிவாசலைக் காப்பதா? காளை வாடிவாசலில் நிற்பது சில நிமிஷம். வருஷத்தின் மற்ற நாட்களில் அது எங்கே நிற்கிறது, எதைத் தின்கிறது என்று சட்டம் கேட்டதா? அந்தக் காளையைப் பெற்ற பசு எங்கே மேய்கிறது என்று நாமாவது கேட்டோமா?

ஜல்லிக்கட்டுக்குப் பேர்போன புலிக்குளம் மாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரை, சிவகங்கைச் சீமையின் மாடு. தொழுவத்தில் கட்டிப் பருத்திக்கொட்டை வைத்து வளர்க்கிற சாதி அல்ல. நூற்றுக்கணக்கில் கூட்டமாகப் புறப்பட்டு ஊர் ஊராக மேய்ந்து போகிற சாதி. பகலில் கண்மாய்க் கரையிலும் கரட்டிலும் மேயும். இரவில் அறுவடையான வயலில் கிடை போடுவார்கள். வயலுக்கு எரு; கிடைக்காரனுக்குக் கூலி. அந்த ஓட்டத்திலேதான் அந்த மாட்டுக்கு அந்தத் திமில், அந்தக் கால், அந்தச் சீற்றம். ஓட்டத்தை நிறுத்திவிட்டால் எஞ்சுவது புலிக்குளம் மாடு அல்ல, அதன் படம்.

காங்கேயம் மாடு கொங்கு நாட்டுக் கொரங்காட்டில் வளர்வது. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் கிளுவை வேலியும் சேர்ந்த மேய்ச்சல் காடு அது; பெரும்பாலும் குடியானவரின் சொந்த நிலம். அந்தக் கொரங்காடு மனையாகிவிட்டால் காங்கேயம் காளை காலண்டரில் மட்டும் நிற்கும். பர்கூர் மலை மாடு அந்தியூர்க் காட்டுப் பட்டியிலே வளர்வது. உம்பளாச்சேரி மாடு தஞ்சைக் கழனியின் சேற்றிலும் தரிசிலும் உருவானது. ஒவ்வோர் இனமும் ஒரு தரையின் பிள்ளை. தாயை விற்றுவிட்டுப் பிள்ளைக்கு விழா எடுக்கிறோம்.

விழா என்று நான் சொன்னது அலங்காரத்துக்கு அல்ல. 2024 ஜனவரியில் அலங்காநல்லூர் பக்கம் கீழக்கரையில் ஜல்லிக்கட்டுக்கென்றே ஒரு பெரிய அரங்கம் திறந்தார்கள். சுமார் 66 ஏக்கர் நிலம். 60 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. நல்லது, நடக்கட்டும். மாடு ஆடுவதற்கு 66 ஏக்கர் கண்ட சர்க்கார், அது மேய்வதற்கு எத்தனை ஏக்கரைப் புதிதாகக் காட்டியது என்று கேட்பது குற்றமாகுமா?

சிவகங்கைப் பக்கத்தில் ஒரு சாலையோரத்தில் கிடைமாடு ஓட்டி வந்த பெரியவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். "இந்த வருஷம் எந்தப் பக்கம் போறீக, பெரியவரே?" என்று கேட்டேன். "எங்கிட்டுப் போறதுங்க? முந்தி எங்க அய்யா காலத்துல எந்தக் கண்மாய்க்குள்ளயும் இறக்கலாம். இப்பப் பாதி எடத்துல வேலி, பாதி எடத்துல கல்லு ஊண்டிக் கெடக்கு. ரோட்டோரமா ஓட்டிக்கிட்டுப் போனா லாரிக்காரன் வையுறான். வயக்காட்டு ஓரமாப் போனா வயக்காரன் வையுறான். மாட்ட என்ன தலையிலயா சுமக்க முடியும்?" என்றார். அவர் சட்டம் படித்தவர் அல்ல. ஆனால் நிலச் சட்டத்தின் நிலவரத்தை அவரைவிடத் தெளிவாக எனக்கு எந்த வக்கீலும் சொன்னதில்லை.

அந்தக் கல் எப்படி ஊன்றப்படுகிறது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். மேய்க்காலை ஒருவர் வளைத்துக்கொள்கிறார். 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன்படி அவருக்கு 'பி மெமோ' கொடுத்து அபராதம் வசூலிக்கிறார்கள். அபராதம் கட்டிய ரசீதை அவர் பத்திரமாக மடித்து வைத்துக்கொள்கிறார். பத்து வருஷம் போனால் அந்த ரசீதுக் கட்டே அனுபவ பாத்தியதைக்குச் சாட்சி என்று நீட்டுகிறார். திருட்டுக்குக் கட்டிய அபராதச் சீட்டே சொத்துக்குப் பத்திரமாகிற அதிசயத்தை நம் தாலுகா ஆபீசுகளில்தான் பார்க்கலாம்!

இது சில்லறை ஆக்கிரமிப்பு. மொத்த ஆக்கிரமிப்பு வேறு விதம். அதற்கு 'வகைபாடு மாற்றம்' என்று மரியாதையான பெயர். பேனாவின் ஒரு கோட்டில் மேய்க்கால் தொழிற்பேட்டையாகும், பஸ் நிலையமாகும், குப்பை மேடாகும், ஆபீசாகும். மேய்க்காலை எடுத்தால் ஈடாக வேறு நிலம் காட்டவேண்டும் என்று விதி இருக்கிறது. காட்டுகிறார்கள், காகிதத்தில். பாறையைக் காட்டினாலும் நிலம்தான்; பத்து மைலுக்கு அப்பால் காட்டினாலும் நிலம்தான். மாட்டுக்குப் படிக்கத் தெரியாதாகையால் ஆட்சேபணை மனு வருவதில்லை.

2011 ஜனவரி 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஜக்பால் சிங் வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. பஞ்சாபில் ஒரு கிராமத்துக் குளத்தை வளைத்துக்கொண்ட வழக்கு. கிராமப் பொது நிலத்தை ஆக்கிரமித்தவர்கள் எத்தனை காலம் அனுபவித்திருந்தாலும், எவ்வளவு பணம் போட்டுக் கட்டியிருந்தாலும், எவ்வளவு செல்வாக்குள்ளவர்களானாலும் அது நியாயமாகிவிடாது. எல்லா மாநில சர்க்கார்களும் திட்டம் வகுத்து அந்த நிலங்களை மீட்டு ஊருக்கே கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. இதைவிடக் கண்டிப்பான உத்தரவை யார் போட முடியும்? இருந்தும், ஜல்லிக்கட்டுத் தீர்ப்பைத் தெருவில் நிற்கிற பிள்ளைகூட அறிவான்; ஜக்பால் சிங் தீர்ப்பை ஊரில் பத்துப் பேர் அறிந்திருந்தால் அதிகம். முதல் தீர்ப்பு நம் பெருமையைத் தொட்டது. இரண்டாவது நம்மில் பலருடைய மனையைத் தொடுகிறது. பெருமைக்காகக் கடற்கரையில் உட்காருவோம். மனை என்று வந்தால் வீட்டிலே உட்கார்ந்துகொள்வோம்.

மிருகவதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியாவின் மிருகவதைத் தடைச் சட்டம் 1960-இல் வந்தது. அது வருவதற்குக் காரணமாக இருந்தவர் நம் சென்னையைச் சேர்ந்த ருக்மிணி தேவி அருண்டேல். 1952-இல் ராஜ்ய சபைக்கு நியமிக்கப்பட்ட அவர், தனி அங்கத்தினர் மசோதாவாக அதைக் கொண்டுவந்தார். வளர்க்கிற பிராணிக்குப் போதிய தீனியும் தண்ணீரும் நிழலும் கொடுக்காமலிருப்பதே கொடுமை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அடிப்பது மட்டும் வதையல்ல, பட்டினி போடுவதும் வதை! அந்த அம்மாளின் கருணைக்கு நாம் விதித்த விலை என்ன தெரியுமா? முதல் குற்றத்துக்குப் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை அபராதம். அறுபது ஆண்டு கடந்தும் அந்தத் தொகை திருத்தப்படாமலே கிடந்தது. 2022-இல்தான் திருத்த வரைவு ஒன்று ஜனங்களின் அபிப்பிராயத்துக்கு வைக்கப்பட்டது.

ஆனால் அதே மாடு சென்னை வீதியில் வந்து நின்றால்? 2024-இல் மாநகராட்சி நிர்ணயித்த அபராதம், முதல் தடவைக்குப் பத்தாயிரம் ரூபாய். மறுபடி பிடிபட்டால் பதினையாயிரம். வீதியில் மாடு திரிவதால் குழந்தைகளும் பெண்களும் அடிபட்டிருக்கிறார்கள். அந்த அபராதத்தை நான் ஆட்சேபிக்கவில்லை. மாட்டைப் பட்டினி போட்டால் ஐம்பது ரூபாய், அது பசியோடு வீதிக்கு வந்தால் பத்தாயிரம் ரூபாய் என்கிற கணக்கைத்தான் ஆட்சேபிக்கிறேன். வெளியெல்லாம் வீடாகிவிட்ட பிறகு மாடு வீதிக்கு வராமல் வேறெங்கே போகும்? 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரியில் ஒரு பசுவின் வயிற்றை அறுத்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள். ஐம்பத்திரண்டு கிலோ! அது ஒரு நாள் தின்றதல்ல. பல காலம் புல்லென்று நினைத்துத் தின்றது. அந்தப் பசுவின் வயிறும் ஓர் 'அ' பதிவேடுதான். ஊரின் மேய்ச்சல் நிலம் என்ன ஆயிற்று என்பது அதிலே உள்ளபடி எழுதியிருந்தது.

இப்போது எதிர்க்கட்சி வக்கீல்களின் வாதங்களைக் கேட்போம்.

"மனிதனுக்கே குடியிருக்க இடமில்லை; மாட்டுக்கு இடம் கேட்கிறீரே! புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவன் ஏழையல்லவா? அவனைத் தூக்கி எறியச் சொல்கிறீரா?" என்பது முதல் வாதம். கனமான வாதம். புறம்போக்கை மீட்கிறோம் என்று புறப்படுகிற புல்டோசர் எப்போதும் குடிசையிலே ஆரம்பித்துக் குடிசையிலேயே முடிந்துவிடுகிறது. பக்கத்திலுள்ள கல்லூரிக்கும் கல்யாண மண்டபத்துக்கும் போகும்போது அதற்குப் பெட்ரோல் தீர்ந்துவிடுகிறது. இந்த அக்கிரமத்துக்கு நான் துணைபோக மாட்டேன். நான் சொன்ன 2011 தீர்ப்பே நிலமற்ற கூலிகளுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் சர்க்கார் கொடுத்த இடங்களுக்கு விலக்கு வைத்திருக்கிறது.

ஆனால் ஏழையின் பெயரைச் சொல்லி வாதாடுகிறவர்களை நான் ஒன்று கேட்கிறேன். மேய்க்கால் யாருடைய சொத்து? பத்து ஏக்கர் உள்ளவன் தன் வரப்பிலே புல்லறுத்துக்கொள்வான்; வைக்கோற்போர் வைத்திருப்பான். ஒரு சென்டு நிலமில்லாதவளின் ஆடு எங்கே மேயும்? 2011-இல் தமிழக அரசு விலையில்லாக் கறவைப் பசுத் திட்டத்தையும் ஆட்டுத் திட்டத்தையும் தொடங்கியது. ஐந்து ஆண்டுகளில் 60,000 பசுக்கள். ஏழு லட்சம் குடும்பங்களுக்குக் குடும்பத்துக்கு நான்கு ஆடுகள் என்பது ஏற்பாடு. நிலமில்லாத ஏழைப் பெண்களுக்கென்றே கொண்டுவந்த திட்டம். ஒரு கையால் ஆட்டைக் கொடுத்துவிட்டு மறுகையால் அது மேய்கிற திடலை எடுத்துக்கொள்வதற்குத் தர்மம் என்றா பெயர்? மேய்க்கால் என்பது நிலமற்றவர்களின் நிலம். அதை எடுப்பது ஏழைக்கு வீடு கொடுப்பதற்காக என்று சொல்வது, ஒருவன் சட்டைப்பையில் இருப்பதை எடுத்து அவனுக்கே தானம் செய்வது போலத்தான். ஏழைக்கு வீடு வேண்டும்; கட்டாயம் வேண்டும். அதற்கு உச்சவரம்புக்கு மேல் உள்ளவனிடம் கேளுங்கள்.

"காலம் மாறிவிட்டது, இனிமேல் மாடு மேய வேண்டியதில்லை, தொழுவத்திலேயே தீவனம் போட்டுக் கலப்பினப் பசுவை வளர்க்கலாம்" என்பது இரண்டாவது வாதம். வளர்க்கலாம். காலையில் நான் குடிக்கும் காப்பியும் அந்தப் பசுவின் பாலில் போட்டதாகத்தான் இருக்கும். ஆனால் அப்படியானால் நாட்டு மாட்டைக் காக்கிறோம் என்று சட்டத்தின் முகப்பில் எழுதியதை அழித்துவிடுங்கள். இரண்டில் ஒன்று சொல்லுங்கள். நாட்டு மாடு வேண்டுமென்றால் நாட்டுப்புறத்துத் தரை வேண்டும்.

"காடு புலிக்கும் யானைக்கும் உரியது, அங்கே மாட்டை விடலாமா?" என்பது மூன்றாவது. 2022-இல் சென்னை ஹைகோர்ட்டு முதலில் தமிழ்நாட்டுக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடை செய்து, பிறகு தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவில் சுருக்கிக்கொண்டது. 2024 ஜனவரியில் பர்கூர் மலை உள்ளிட்ட ஈரோட்டுக் காடுகள் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. பர்கூர் மாடு அதற்குள்ளே மாட்டிக்கொண்டது. காட்டு மிருகங்களுக்குக் கால்நடை நோய் பரவும் என்ற பயம் பொய்யல்ல. ஆனால் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், தலைமுறை தலைமுறையாகக் காட்டில் மேய்த்தவர்களின் உரிமையை ஏட்டிலே ஏற்றுக்கொண்டிருக்கிறது. எங்கே, எந்த மாதத்தில், எத்தனை மாடு என்று மலைவாசிகளோடு உட்கார்ந்து பேசி வரையறுப்பதை விட்டுவிட்டு, இரண்டு பிராணிகளைக் கோர்ட்டில் எதிரெதிரே நிறுத்துவது நியாயமல்ல. புலியும் பர்கூர் மாடும் அந்த மலைக்கு நேற்று வந்தவை அல்ல. நேற்று வந்தது நம் வேலிதான்.

கடைசி வாதம், வளர்ச்சி. 2023 ஏப்ரல் 21-ஆம் தேதி தமிழ்நாட்டுச் சட்டசபையில் சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்பு மசோதா நிறைவேறியது. நூறு ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டம் ஒன்றின் நடுவே சர்க்கார் நிலமாக ஓர் ஓடையோ நீர்நிலையோ கிடந்தால், அதைத் திட்டத்தோடு ஒருங்கிணைத்து நிலப் பரிமாற்றம் செய்ய வழி பண்ணுகிறது அது. நீரின் கொள்ளளவு குறையக்கூடாது என்று உள்ளே நிபந்தனை இருக்கிறதாம்! ஓடை என்பது ஒரு பாத்திரமா, இங்கிருந்து எடுத்து அங்கே வைக்க? அதன் கரையில் முளைக்கிற புல்லும், அந்தப் புல்லை நம்பிய ஆடும், ஆட்டை நம்பிய கிழவியும் எந்தக் கொள்ளளவில் அடங்குவார்கள்? பொது நிலத்தைத் தனியார் திட்டத்தின் நடுவே உள்ள இடைஞ்சலாகப் பார்க்கிற கண் இருக்கிறதே, அந்தக் கண்ணைத்தான் நான் எதிர்க்கிறேன். உண்மையில் இடைஞ்சல் எது என்று ஓடையைக் கேட்டால் அல்லவா தெரியும்!

என் கோரிக்கை வானத்தை வில்லாக வளைப்பது அல்ல. ஒவ்வொரு கிராமத்திலும் 'அ' பதிவேட்டின்படி மேய்க்கால் எத்தனை ஏக்கர், எந்தச் சர்வே எண், இன்று யார் கையில் என்பதைப் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் எழுதிவைக்கட்டும். கிராம சபையின் சம்மதம் இல்லாமல் ஒரு சென்டுகூட வகைமாற்றம் செய்யக்கூடாது என்று சட்டம் வரட்டும். ஈடாகக் காட்டும் நிலம் அதே ஊரில், புல் முளைக்கிற நிலமாக, முன்கூட்டியே ஒப்படைக்கப்படட்டும். கிடைமாடுகள் காலங்காலமாகப் போகும் தடங்களைச் சர்வே செய்து வரைபடத்தில் ஏற்றட்டும். ஜல்லிக்கட்டுக்காகத் திருத்திய அதே சட்டத்தில், காளையைப் பெற்ற மந்தைக்கு மேய்ச்சல் உரிமை என்று இன்னொரு பிரிவைச் சேர்க்கட்டும். அரசியல் சாசனத்தின் பதினோராம் அட்டவணையிலே பஞ்சாயத்துக்கு உரிய காரியங்களில் எரிபொருளும் தீவனமும் ஏற்கனவே இருக்கின்றன. இல்லாத அதிகாரத்தை நான் கேட்கவில்லை. தூங்குகிற அதிகாரத்தை எழுப்பச் சொல்கிறேன்.

வாசகர்களுக்கும் வேலை இருக்கிறது. நீங்கள் மனை வாங்கப் போகிறபோது வில்லங்கச் சான்று பார்க்கிறீர்கள், வாஸ்து பார்க்கிறீர்கள், தண்ணீர் ருசிகூடப் பார்க்கிறீர்கள். அதோடு 'அ' பதிவேட்டில் அந்தச் சர்வே எண்ணுக்கு எதிரே முன்பு என்ன எழுதியிருந்தது என்றும் பாருங்கள். மேய்க்கால் என்றிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். விலை மலிவாக இருக்கும், இருக்கத்தான் செய்யும். திருட்டுச் சாமான் எப்போதும் மலிவு. சொந்த ஊர் என்று ஒன்று இருந்தால், ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். ஒரு தடவை போய், "நம் ஊர் மேய்க்கால் எங்கே?" என்று எழுந்து நின்று கேளுங்கள். கூட்டத்தில் சிலர் உங்களை முறைத்துப் பார்ப்பார்கள். யார் முறைக்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டால், நிலம் யாரிடம் இருக்கிறது என்பது பதிவேட்டைப் புரட்டாமலே தெரிந்துவிடும்.

அந்தக் காலத்தில் ஆநிரையை மீட்கப் போய் மாண்ட வீரனுக்கு நடுகல் நட்டார்கள். செங்கம் பகுதியில் அந்தக் கற்கள் இன்றும் நிற்கின்றன. நாமும் மேய்ச்சல் வெளியெங்கும் கல் நட்டுக்கொண்டிருக்கிறோம். ஒரே ஒரு வித்தியாசம். அவர்கள் நட்டது மந்தையை மீட்டவனுக்கு. நாம் நடுவது மனையை அளந்தவனுக்கு.